பெயர் தெரிந்த டாக்டரும் பெயர் பதிந்த டாக்டரும்

வடசென்னை ராயபுரத்தில் வளர்ந்தவர்களிடம் "உங்க குடும்ப டாக்டர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெயருக்கு முன்னால் அடையாளம் வரும். "மார்க்கெட் பக்கத்துல, மாடிப்படிக்குக் கீழ கிளினிக் வச்சிருக்காரே, அவர்தான்" என்பார்கள். அவரிடம் விண்ணப்பம் கொடுத்துச் சேர்ந்தவர் யாரும் இல்லை. ஜுரத்தில் கொதித்த குழந்தையை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள், அன்று முதல் அவர் எங்கள் டாக்டர். அண்ணனும் நானும் அப்படிச் சேர்ந்தோம், பிறகு அண்ணன் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனாள். போன முதல் வாரமே போன் செய்தாள். "சித்தப்பா, எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். ஆனா டாக்டர்கிட்ட போய் பேர் பதியச் சொல்றாங்க. நோயே இல்லாம எதுக்குப் பதியணும்?"

வடசென்னையில் பிறந்த யாருக்கும் வரக்கூடிய கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இரண்டு ஏற்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

அங்கே குடும்ப மருத்துவரை ஜி.பி. என்கிறார்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு ஜி.பி.யிடம்தான் பதிந்திருக்க முடியும். மாணவர்கள் பெற்றோர் வீட்டுப் பக்கம் பதியாமல், வருடத்தில் அதிக நாள் தங்கிப் படிக்கிற ஊரில் பதிய வேண்டும் என்று சொல்கிறார்கள். படிவம் நிரப்பலாம், இப்போது இணையத்திலும் பதியலாம். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இப்போதைய முகவரி, வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் வந்த தேதி. முகவரிக்கு ஆதாரம் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. பதிந்ததும் பத்து இலக்கத்தில் ஓர் எண் வரும். ஊர் மாறி வேறு டாக்டரிடம் பதிந்தால் பழைய மருத்துவக் குறிப்புகள் அந்த எண்ணோடு புதிய இடத்துக்குப் போய்ச் சேரும். விடுமுறையில் வேறு ஊரில் இருக்கும்போது முடியாமல் போனால் மூன்று மாதம் வரை அங்கே தற்காலிகமாகவும் பதியலாம்.

டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு இது இலவசம் என்று சொல்லிவிட முடியாது. விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்டியாக வேண்டும். நம் பணத்தில் எண்பதாயிரத்தைத் தாண்டும். அண்ணன் அதைக் கட்ட என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் "கட்டின காசுக்காவது போய்ப் பதி" என்பதுதான் நான் சொன்ன முதல் பதில்.

இப்போது நம் பக்கம். வடசென்னையில் குடும்ப டாக்டர் என்றதும் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் ஒருவர். 2 ரூபாய் வாங்கினார், பிறகு 5 ரூபாய். 2018 டிசம்பரில் அவர் காலமானபோது வண்ணாரப்பேட்டையே திரண்டு வந்து அஞ்சலி செலுத்தியது. இன்னொருவர் வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1973இல் 2 ரூபாயில் தொடங்கி 5 ரூபாயோடு நிறுத்திக்கொண்டவர், 2020 ஆகஸ்டில் மறைந்தார். பத்திரிகைகள் இருவரையும் "ஐந்து ரூபாய் டாக்டர்" என்று எழுதின.

எனக்கு அந்த ஐந்து ரூபாயைவிட நாற்பது ஆண்டுதான் பெரிதாகப் படுகிறது. குறைந்த காசுக்கு வைத்தியம் நம் பகுதிக்குப் புதிதல்ல. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தில் வளர்ந்ததால் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிற ஸ்டான்லியில் காசே வாங்குவதில்லை. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அப்படித்தான். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்று ஓ.பி. சீட்டு எழுதியவரையே அடுத்த மாதமும் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. அந்த இருவரும் ஒரே பகுதியில் உட்கார்ந்து மூன்று தலைமுறையைப் பார்த்தார்கள். பேரன் மூச்சிரைப்போடு வரும்போது தாத்தாவின் மூச்சிரைப்பும், அவர் எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார் என்பதும் டாக்டருக்குத் தெரிந்திருக்கும். பதிவேடு அவர் மனசுதான்.

இந்த இரண்டு ஏற்பாடுகளிலும் ஒரு பணக் கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு ஜி.பி. கிளினிக்குக்கு அரசு தரும் பணத்தில் பெரும்பகுதி பதிந்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் உங்கள் பெயருக்குப் பணம் வரும். அதனால் நீங்கள் நோயில்லாமல் இருக்கும்போதும் அவர்கள் உங்களுக்குப் பொறுப்பு. கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்ப்பது இந்தப் பொறுப்பில்தான் வருகிறது. நம் ஊரில் ஒவ்வொரு முறை போகும்போதும் காசு. கூட்டம் வந்தால்தான் கிளினிக் நடக்கும். "ஊசி போட்டாத்தான் சரியாகும்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போனதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஐந்து ரூபாய் வாங்கியவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள். யாரும் கொடுக்காத பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

அதுவே இதன் பலவீனமும்கூட. அப்படி ஒரு டாக்டர் போனால் அவரோடு எல்லாம் போய்விடும். எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்த வயதில் மஞ்சள் காமாலை வந்தது என்பதை யாரிடம் கேட்பது?

இங்கிலாந்திலும் குறை உண்டு. காலை எட்டு மணிக்கு போனை எடுத்து வரிசையில் காத்திருந்தால்தான் அன்றைக்கு டாக்டரைப் பார்க்க வழி என்பது அந்த நாட்டுக்காரர்களே சலித்துக்கொள்கிற விஷயம். பார்த்தால் பத்து நிமிடம், அதுவும் போன முறை பார்த்தவராக இருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் உங்கள் கதை முழுக்க இருக்கும், எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் புதிது. வண்ணாரப்பேட்டையில் முகம் தெரியும், காகிதம் இருக்காது.

பேர் பதிகிற வழக்கமே நமக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது 1948 ஜூலை 5. அதே வருடம் ஏப்ரலில் நம் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், வந்துவிட்டது. திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை அரிசி அட்டை மாதிரி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி ஒரு டிஸ்பென்சரியோடு சேர்க்கப்படுகிறார். குடும்பத்தின் பெயரும் ஏறுகிறது. படிக்கிற மகனுக்கு 21 வயது வரை உரிமை உண்டு. தியாகராயா கல்லூரியிலும் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலும் படிக்கிற எத்தனையோ பிள்ளைகளின் பெயர் ஏதோ ஒரு டிஸ்பென்சரி பட்டியலில் இருக்கும். அப்பா ஒப்பந்த வேலையை விட்டு நின்றால் அந்தப் பெயரும் சில மாதங்களில் போய்விடும். அங்கே பெயர் ஆளோடு இருக்கிறது, இங்கே அப்பாவின் வேலையோடு.

எழுதி வைத்த குறிப்பு எங்கள் பக்கத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் மூன்று வருடம் கழித்துக் கோயம்புத்தூர் விடுதியில் இருமலோடு டாக்டரிடம் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். தான் எங்கிருந்து வருகிறான், அந்த இரவில் எதைச் சுவாசித்தான் என்று அவனே சொன்னால்தான் உண்டு. எழுதி வைக்க வேண்டிய உடம்பு என்று ஒன்று இருக்குமானால் அது எங்கள் பக்கத்து உடம்புதான். எழுதுவோர்தான் இல்லை.

அதனால் வெளியூர் போகிற பிள்ளைகளிடம் இப்போது ஒன்றைச் சொல்லி வருகிறேன். விடுதியில் சேர்ந்த வாரத்திலேயே, நன்றாக இருக்கும்போதே, நடந்து போகிற தூரத்தில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து வை. எம்.பி.பி.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் பலகையில் இருக்கிறதா என்று பார். கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா, மருந்துச் சீட்டு புரிகிற மாதிரி எழுதுகிறாரா என்று பார். பிறகு அவரை மாற்றாதே. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூன்று வேளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே.

அண்ணன் மகள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மாடிப்படிக் கிளினிக்குக்கு அவளை நான்தான் கூட்டிப்போனேன். டாக்டருக்கு வயதாகிவிட்டது, கை லேசாக நடுங்குகிறது. கூட்டம் காத்திருக்க, லெட்டர்பேடில் ஒரு தாள் கிழித்து நிதானமாக எழுதினார். எட்டு வயது வரை வீசிங். பென்சிலின் சேராது, ஐந்து வயதில் போட்டபோது உடம்பெல்லாம் தடித்தது. போட்ட தடுப்பூசிகள். அம்மா வழிப் பாட்டிக்குச் சர்க்கரை. எந்தக் குறிப்பையும் புரட்டவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "குளிர்ல மறுபடி இழுக்கும், பார்த்துக்கோம்மா" என்றார்.

படிவம் கொடுக்கப் போன அன்று அந்தத் தாளையும் அவள் எடுத்துப் போனாள். நர்ஸ் அதை வாங்கி வரிவரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாளாம். பென்சிலின் வரியில் நிறுத்தி, இது யார் கவனித்தது, எத்தனை வயதில் என்று கேட்டிருக்கிறாள். இவள் சொல்லியிருக்கிறாள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் அது ஏறியது. நர்ஸ் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். அது இப்போது அவள் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.