கடன் திரும்பியது, சிகிச்சை நின்றது: கலிஃபோர்னியக் குருத்தணுத் தொழிலில் பொதுப்பணத்தின் தொடக்கநிலை முதலீடு

2011 நவம்பர் 14 அன்று, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இயங்கிவந்த ஜெரோன் நிறுவனம் தன் குருத்தணுத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. முதுகுத்தண்டில் அடிபட்டு உடல் செயலிழந்தவர்களுக்கு, மனிதக் கருவின் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவிலிருந்து வளர்த்த அணுக்களைச் செலுத்தும் பரிசோதனை அது. அவ்வகையில் உலகிலேயே முதலாவது. முதல் நோயாளிக்கு அணுக்கள் செலுத்தப்பட்டு 13 மாதங்களே ஆகியிருந்தன. அந்த ஆண்டு மே மாதம்தான் மாநில அரசு 2.5 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான கடனுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. சிகிச்சையில் ஆபத்து தெரிந்து நிறுத்தவில்லை. இருக்கும் பணத்தைப் புற்றுநோய் மருந்துகளில் போடலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. வாங்கியிருந்த தொகையை வட்டியும் முதலுமாகக் கட்டியும் விட்டது.

கணக்குத் தணிக்கையாளர் இதில் குறை காண முடியாது. ஆனால் மாநிலம் எதற்காகப் பணம் கொடுத்ததோ அது நின்றுபோனது. பொதுப்பணம் ஒரு தொழிலின் தொடக்கநிலை முதலீடாக இறங்கும்போது, அதன் பலனை ராயல்டியாலும் கடன்மீட்பாலும் அளப்பது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும் என்பதும், கைவிடப்பட்ட சிகிச்சையை எடுத்துத் தொடர்வதற்கான உரிமையையே அரசு முதலில் கேட்டுப் பெறவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த முதலீடு பிறந்த சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருக் குருத்தணுக்களை முதன்முதலாகப் பிரித்தெடுத்து வளர்த்தார். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது ஜெரோன். 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், அதுவரை உருவாகியிருந்த அணுவரிசைகளுக்கு மட்டுமே கூட்டரசு நிதி என்று வரம்பு கட்டினார். அந்த இடைவெளியை நிரப்பவே 2004 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 59 விழுக்காட்டு ஆதரவுடன் 71ஆம் முன்மொழிவை நிறைவேற்றினர். கடன்பத்திரம் வழியாக 300 கோடி டாலர். அதை வழங்க ஒரு தனி நிறுவனம். கலிஃபோர்னிய மறுஉருவாக்க மருத்துவ நிறுவனமான அதைச் சுருக்கமாக ‘சிர்ம்’ என்பார்கள்; இக்கட்டுரையில் ‘நிதியம்’ என்பது அதையே. இயக்கத்தை முன்னின்று நடத்திய ராபர்ட் கிளைன் வீடுமனைத் தொழிலதிபர். நீரிழிவு நோயாளி ஒருவரின் தந்தை. வழக்குகளால் கடன்பத்திர விற்பனை 2007 வரை தடைபட்டது. இடையில், 2006இல், ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் அனுமதித்த 15 கோடி டாலர் கடன் கைகொடுத்தது.

சிக்கலின் வேர் அந்தத் தேர்தல் பரப்புரையிலேயே இருக்கிறது. வட்டியும் சேர்த்து 30 ஆண்டுகளில் மாநிலம் சுமார் 600 கோடி டாலர் கட்டவேண்டியிருக்கும் என்று அரசின் மதிப்பீடு சொன்னது. அதற்கு ஈடாக, ராயல்டி வழியாகவே 53.7 கோடி முதல் 110 கோடி டாலர் வரை கிடைக்கக்கூடும் என்று ஆதரவாளர்கள் அமர்த்திய பொருளியலாளர்கள் கணித்தனர். வாக்குக் கேட்பவருக்கு இந்த எண் தேவைப்பட்டது புரிகிறது. ஆனால் அதன்பின், நிதியத்தை மதிப்பிடும் ஒவ்வொருவர் கையிலும் இதே அளவுகோல்தான் இருந்தது.

துணிகர முதலீட்டாளர் இந்தத் துறையின் தொடக்கநிலையில் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அவருடைய நிதியத்தின் ஆயுள் பொதுவாகப் பத்தாண்டு. அணுச் சிகிச்சை ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்கு வர அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். காப்புரிமைக்கோ விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான். அதில் பாதிக்குமேல் பரிசோதனையிலேயே கரைந்துவிடும். மாத்திரையைப் போலச் சேர்மத்தைக் கலந்து அச்சில் அடிக்கிற வேலையும் இதில் இல்லை. அணுக்களை உயிரோடு வளர்த்து, தொகுதிக்குத் தொகுதி ஒரே குணம் மாறாமல் காட்டி, உறையவைத்து அனுப்பவேண்டும். ஆகவே தொடக்கநிலை இடரை அரசு ஏற்றதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இடருக்கு ஈடான பங்கு அரசுக்குக் கிடைக்கவில்லை. எந்த நிறுவனத்தின் பங்குகளையும் மாநிலம் வாங்குவதை கலிஃபோர்னிய அரசமைப்புச் சட்டம் தடுக்கிறது. முதலீட்டாளரின் இடரும் கடன் கொடுத்தவரின் உரிமையுமாக நிதியம் களத்தில் இறங்கியது.

விளைவுகளைப் பாருங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் சுரக்கும் அணுக்களை உருவாக்கிய சான் டியேகோவின் வயாசைட், நிதியத்திடம் சுமார் 7 கோடி டாலர் பெற்றது. 2022இல் பாஸ்டனின் வெர்டெக்ஸ் அதை 32 கோடிக்கு வாங்கியது. ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மனின் ஆய்விலிருந்து பிறந்த ஃபார்ட்டி செவன் நிறுவனத்தை கிலியட் 2020இல் 490 கோடிக்கு வாங்கியது. அந்த ஆய்வுக்குத் தொடக்கத்திலேயே பணம் தந்ததும் இதே நிதியம்தான். 490 கோடியில் பங்கு இல்லாமல் போனதே என்று அன்று பலர் வருந்தினர். 2024இல் அந்நிறுவனத்தின் மேக்ரோலிமாப் மருந்து இரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனைகளில் தோற்றது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு இலாபம், நோயாளிகளுக்கு ஒன்றுமில்லை. சந்தை கொடுக்கும் விலை சிகிச்சையின் தகுதிக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

எதிர்த்திசை எடுத்துக்காட்டு இன்னும் அழுத்தமானது. ஏ.டி.ஏ. நொதிக் குறைபாட்டால் நோய் எதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, அவர்களுடைய இரத்தக் குருத்தணுவையே எடுத்து, மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் முறையை லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கோன் நிதியத்தின் உதவியுடன் உருவாக்கினார். 2021இல் வெளியான முடிவுப்படி 50 குழந்தைகளில் 48 பேருக்குப் பலித்தது. 50 பேரும் உயிரோடு இருந்தனர். ஆனால் அதற்குள் உரிமம் பெற்றிருந்த பிரித்தானிய நிறுவனமான ஆர்ச்சர்ட் தெரப்யூடிக்ஸ் இத்திட்டத்தில் முதலீட்டைக் குறைத்துவிட்டிருந்தது. நோய் மிக அரிது, விற்பனை தேறாது. சிகிச்சைக்குக் காத்திருந்த குழந்தைகள் காத்திருந்தார்கள். உரிமம் பின்னர் பல்கலைக்கழகத்துக்கே திரும்பியது. ராயல்டி அளவுகோலில் இது சுழியம். 71ஆம் முன்மொழிவு வாக்குறுதி அளித்த பலன் எதிலாவது கைகூடியிருக்கிறது என்றால் அது இதில்தான்.

தொடரும் உரிமை என்று நான் சொல்வதை வரையறுக்கவேண்டும். பொதுநிதியில் விளைந்த கண்டுபிடிப்பைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அரசு தலையிடலாம் என்ற விதி மானிய ஒப்பந்தங்களுக்குப் புதிதன்று. ஆனால் அது காப்புரிமையைச் சுற்றியே சிந்திக்கிறது. அணுச் சிகிச்சையின் உயிர் மூன்று இடங்களில் இருக்கிறது: மூல அணுவங்கி, தயாரிப்புப் பதிவேடு, பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் கொடுத்த விண்ணப்பக் கோப்பு. காப்புரிமை மட்டும் கையில் இருந்து இவை இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ஜெரோனின் அணுவங்கிகளும் கோப்புகளும் 2013இல் ஆஸ்டேரியஸ் நிறுவனத்துக்குக் கைமாறியதால்தான், 2014இல் நிதியம் 1.43 கோடி டாலர் கொடுத்து அதே சிகிச்சையை மீண்டும் பரிசோதனைக்குக் கொண்டுவர முடிந்தது. அந்தக் கைமாற்றம் நடந்தது தற்செயல். வாங்க ஆள் இல்லாமல் போயிருந்தால் குளிர்பெட்டியின் மின்கட்டணத்தை யார் கட்டியிருப்பார்?

இப்படியொரு நிபந்தனை வைத்தால் தனியார் முதலீடு விலகிவிடும் என்பார்கள். வேலையைத் தொடர நினைக்கும் நிறுவனத்துக்கு இதனால் இழப்பில்லை. கைவிடும் நாளில் மட்டுமே உயிர்பெறும் நிபந்தனை இது. இன்னொரு மறுப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. யாரிடம் இந்த உரிமையை ஒப்படைப்பது? மானியம் பெறும் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளே நிதிய வாரியத்தில் அமர்ந்திருந்ததை 2012 டிசம்பரில் தேசிய மருத்துவக் கழகத்தின் அறிக்கை கண்டித்தது. 2014இல் நிதியத்தின் தலைவர் ஆலன் டிரவுன்சன் பதவி விலகிய ஒரு வாரத்தில், நிதியம் பணம் ஒதுக்கியிருந்த ஸ்டெம்செல்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். 2016இல் அந்நிறுவனமே மூடப்படுவதாக அறிவித்தது. ஆகவே எந்தச் சிகிச்சையைத் தொடர்வது என்று முடிவெடுப்போர், முதலில் பணம் கொடுத்த வாரியத்துக்கு வெளியே இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே என் முன்மொழிவைப் படிக்கவேண்டும்.

2020இல் 14ஆம் முன்மொழிவு மேலும் 550 கோடி டாலரை மயிரிழையில் பெற்றுத்தந்தது; ஆதரவு 51 விழுக்காடு. ராயல்டி வருவாயை நோயாளிகளின் சிகிச்சைச் செலவைக் குறைக்கப் பயன்படுத்தவேண்டும் என்று அது விதித்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் கடையில் இல்லாத மருந்துக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நோயாளிக்குப் பயனில்லை. அதே திருத்தத்தில் அணுவங்கியின் பிரதியொன்றை மாநிலத்துக்குள் பொதுக்காப்பில் வைக்கவேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்த்திருக்கலாம்; அதற்கு ஆகும் செலவு, 2008இல் 12 ஆய்வகக் கட்டடங்களுக்கு நிதியம் கொடுத்த 27.1 கோடி டாலரில் ஒரு சிறு பங்குகூட ஆகியிருக்காது.