வெள்ளெழுத்தும் துப்பாக்கிக் குறியும்

1940ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி இரவு பிரித்தானிய வானொலியில் ஒரு வேண்டுகோள் ஒலிபரப்பாயிற்று. பேசியவர் அன்றனி ஈடன். போர் அமைச்சராக அவர் பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. ஜேர்மன் படைகள் ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் புகுந்துவிட்டிருந்தன. பரசூட் படையினர் இங்கிலாந்தின் வயல்களிலும் வந்து இறங்கக்கூடும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. பதினேழு வயது முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ள ஆண்கள் தத்தம் ஊரைக் காக்கத் தொண்டர்களாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதே ஈடன் விடுத்த அழைப்பு. ஒரு கிழமைக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் முன்வந்தனர். அவ்வாண்டு யூலையில் அப்படை உள்நாட்டுக் காவற்படை என்னும் பெயரைப் பெற்றது.

வந்தவர்களிற் கணிசமான பகுதியினர் 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போரிற் பங்குபற்றியவர்கள். துப்பாக்கி அவர்களுக்குப் புதிதன்று. ஆயினும் இருபது வயதில் அதனைத் தோளிற் சாத்தியவர்கள் இப்பொழுது நாற்பதையும் ஐம்பதையும் கடந்திருந்தனர். இருபது ஆண்டுகளில் துப்பாக்கி மாறவில்லை, கண் மாறியிருந்தது.

இதனை விளங்கிக்கொள்ளத் துப்பாக்கியாற் குறிபார்க்கும் முறையைச் சற்று நோக்குதல் வேண்டும். நம் நாட்டு வழக்கில் துவக்கு என்று சொல்லப்படும் அக்கருவியின் குழலின் மேல் இரண்டு இரும்புத் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். குழலின் வாயருகே நிற்பது முன்குறி. கண்ணை அடுத்திருப்பது பின்குறி. முன்குறி மெல்லிய தகடாகவோ சிறு குமிழாகவோ இருக்கும். பழைய முறையிலமைந்த பின்குறியில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டின் நடுவே முன்குறியை நிறுத்தி, அதன் உச்சியை இலக்கின் அடியிற் பொருத்திய பின்னரே விசையை இழுத்தல் முறை. ஆகவே, மூன்று வெவ்வேறு தூரங்களிலுள்ள மூன்று பொருள்களை ஒரே கணத்திற் காணும்படி கண்ணை நாம் வற்புறுத்துகிறோம். எந்தக் கண்ணாலும் அது இயலாத காரியம். இளைஞனுடைய கண் மின்னல் வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி, மூன்றையும் ஒருங்கே காண்பதுபோன்ற மயக்கத்தை உண்டாக்குகிறது.

அந்தத் தாவுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தெளிவுபடுத்தியவர் ஆங்கில அறிஞரான தோமஸ் யங். கண்ணினுள் இருக்கும் வில்லையே வடிவம் மாறி அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்று 1801ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். வயது ஏற ஏற அவ்வில்லை இறுகி, அமைவுத்திறனை இழந்துவிடுகிறது. இதனையே நம்மவர் வெள்ளெழுத்து என்பர். ஒல்லாந்து நாட்டு மருத்துவர் டொண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலில் இவ்விழப்பை வயது வாரியாக அளந்து காட்டினார். இருபது வயதில் நான்கு அங்குலத் தூரத்திலுள்ள பொருளைத் தெளிவாகக் காணும் கண், நாற்பதில் ஒன்பது அங்குலத்துக்கும், ஐம்பதிற் பதினாறு அங்குலத்துக்கும் பின்வாங்கிவிடுகிறது. அறுபதில் ஒரு யாருக்கு உட்பட்ட எதுவும் தெளிவதில்லை. பத்திரிகையைக் கை எட்டுமட்டும் நீட்டிப் பிடிக்கும் பெரியவர்களை அறியாத நேயர் எவரும் இரார்.

இவ்வெண்களைத் துப்பாக்கியின் மேல் வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். பெரும் போரிற் பிரித்தானியச் சிப்பாய் ஏந்திய குறுகிய லீ-என்பீல்ட் துப்பாக்கியின் பின்குறி கண்ணிலிருந்து ஓரடிக்குச் சற்று அதிகமான தூரத்திற் குழலின் மீது அமைந்திருந்தது. முன்குறி ஏறத்தாழ ஒரு யார் தூரத்தில் இருந்தது. ஐம்பது வயதில் வெட்டின் விளிம்புகள் கலங்கி மயிரடர்ந்தவைபோல் தோன்றும். அறுபதில் முன்குறியும் கரையத் தொடங்கும். இலக்கு மாத்திரம் முன்போலவே தெளிவாக நிற்கும். தன் கை தளர்ந்துவிட்டதென்று துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிடும் முதியவர் பலர். கை செய்யாத குற்றத்தைக் கையின் மேற் சுமத்துவது அது.

இதற்கொரு பரிகாரம் நெடுங்காலமாகவே வேட்டைக்காரருக்கும் போட்டிச் சுடுநருக்கும் தெரிந்திருந்தது. வெட்டை நீக்கிவிட்டு, அவ்விடத்திற் சிறு துளையுடைய ஒரு வட்டத் தகட்டைக் கண்ணுக்கு அண்மையில் வைப்பதே அப்பரிகாரம். அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் லைமன் 1879இல் இத்தகைய துளைக்குறி ஒன்றுக்கு உரிமை பெற்றார். துளையை எவரும் உற்று நோக்கவேண்டியதில்லை. அதனூடாக நோக்கினாற் போதும். வட்டத்தின் நடுவிடத்தைக் கண் தானாகவே நாடும். மூன்று பொருள்களில் ஒன்று இவ்வாறு கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. இன்னுமொரு நன்மை உண்டு. சிறு துளை, பரந்து வரும் ஒளிக்கதிர்களைத் தடுத்து ஒடுங்கிய கற்றையை மாத்திரம் உள்ளே விடுவதால், அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் ஓரளவுக்கு ஒருங்கே தெளிவடைகின்றன. ஐயமுள்ளவர் ஒரு தடித்த கடதாசி அட்டையில் ஊசியாற் சிறு துளையிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அத்துளையூடாகப் பத்திரிகையின் பொடி எழுத்தை வாசித்துப் பார்க்கலாம்.

பிரித்தானியப் படைத்துறை இதனை அறியாதிருக்கவில்லை. 1899இல் தொடங்கிய போவர் யுத்தத்தில், எதிரிகளின் மவுசர் துப்பாக்கிகள் நெடுந்தூரத்திலிருந்து விளைத்த சேதம் அதனை உலுக்கிவிட்டிருந்தது. அதன் பயனாக 1913இல் ஒரு புதிய மாதிரி உருவாயிற்று. அதன் துளைக்குறி பின்னால், பூட்டின் மேலேயே அமைந்தது. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரமும் பத்தொன்பது அங்குலமளவிலிருந்து ஏறத்தாழ முப்பத்திரண்டு அங்குலமாக நீண்டது. ஆனால் 1914இல் போர் மூண்டது. இலட்சக்கணக்கிற் சிப்பாய்களைத் திரட்டும் வேளையிற் புதுக் கருவிக்கு மாறுதல் இயலாதென்று பழைய லீ-என்பீல்ட்டே நீடித்தது. புதிய மாதிரி, 303 ரகத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றப்பட்டு, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆக்கப்பட்டது. பிரித்தானியப் படையில் அதனை விரும்பி ஏற்றவர்கள் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவோரே. 1917இல் அமெரிக்காவும் போரிற் குதித்தபொழுது அதே மாதிரியைத் தன் தோட்டாவுக்குத் தக்கபடி திருத்தி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்துகொண்டது. போர் ஓய்ந்த பின்னர் அவை களஞ்சியங்களில் உறங்கின.

வெட்டுக்குறியை விடாதிருந்தோர்க்கும் ஒரு நியாயம் உண்டு. அதிற் சேறு அடைவதில்லை. மங்கிய ஒளியிலும் அது விரைவிற் கண்ணுக்கு அகப்படும். இருபது வயதுக் கண்ணுக்கு அது போதுமானதுமாகும். இளைஞனின் கண்ணையே எல்லார் கண்ணுக்கும் அளவுகோலாக வைத்ததுதான் பிழை.

1940இல், டன்கேர்க்கிலிருந்து மீண்ட படைக்கே 303 ரகத் துப்பாக்கிகள் போதாதிருந்தமையால், உள்நாட்டுக் காவற்படைக்கென அமெரிக்காவிலிருந்து 1917ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகள் பல இலட்சம் தருவிக்கப்பட்டன. தடித்த கிறீசிலே தோய்ந்து வந்த அவற்றைத் துடைத்தெடுப்பதே பெரும்பாடாக இருந்தது. தோட்டா மாறிவிடாதிருக்க அவற்றின் மரப்பகுதியிற் சிவப்புப் பட்டி தீட்டப்பட்டது. இவ்வாறு, முறைப்படையின் இளைஞர்கள் வெட்டுக்குறியோடு நிற்க, அவர்களுடைய தந்தையரின் கையிற் துளைக்குறி வந்து சேர்ந்தது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது. எனினும் முதிய கண்களுக்கு இதனிலும் பொருத்தமான இரும்புக் குறியை அக்காலத்துப் படைக்கலங்களிற் தேடிக் கண்டிருக்க முடியாது.

துளைக்குறி கிடைத்துவிட்டால் எல்லாம் கைகூடிவிடும் என்பதில்லை. துளையின் அளவு முதலாவது பிரச்சினை. பெரிய துளை ஒளியைத் தாராளமாக விடும். அந்திவேளைக்கும் ஓடும் இலக்குக்கும் அதுவே ஏற்றது. ஆனாற் கலங்கலை அது குறைப்பதில்லை. சிறு துளை தெளிவைத் தரும்; அளவு மீறிச் சிறுத்தாற் காட்சி இருண்டு, ஒளி விளிம்பிற் சிதறி மறுபடியும் மங்கும். போட்டிச் சுடுநர் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் துளையைக் கையாள்வர். வெயிலுக்குத் தக்கபடி விரித்தும் சுருக்கியும் கொள்ளத்தக்க குறிகளும் உண்டு. முன்குறியிலே கூர்மையான நுனியைவிட, தட்டையான உச்சியுடைய அகன்ற தகடு முதிய கண்ணுக்கு உகந்தது. முன்குறி வளையமாயின், இலக்கின் கரும்புள்ளியைச் சுற்றி வெண்மை தாராளமாகத் தெரியும்படி பெரிதாக இருத்தல் நன்று. இறுக்கமான வளையம் நுட்பமானதுபோல் தோன்றினாலும், களைத்த கண்ணை ஏமாற்றிவிடும்.

இரண்டாவது பிரச்சினை மூக்குக் கண்ணாடி. வாசிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு சுட முயல்வோர் ஏமாற்றமடைவர். அதன் வில்லை ஒன்றரை அடித் தூரத்துக்கு உரியது. வெட்டு தெளியும், முன்குறி கலங்கும், இலக்கோ மூடுபனியில் மறையும். சேய்மைப் பார்வைக்குரிய கண்ணாடியோடு அரை டயொப்டர் அளவு மாத்திரம் கூட்டிச் செய்வித்தால், கண்ணின் குவியம் முன்குறிக்குச் சற்று அப்பாற் சென்று நிற்கும்; முன்குறியும் தெளிவாகும், இலக்கும் தாங்கத்தக்க அளவே மங்கும். இருபகுதிக் கண்ணாடி அணிபவர் கீழ்ப்பகுதியூடாக நோக்கத் தலையை நிமிர்த்துவதனாற் கன்னம் மரப்பிடியை விட்டு அகன்று, குறி கெட்டுப்போகும். முன்குறி இரண்டாகத் தோன்றினாலோ, ஒரு கண் மாத்திரம் திடீரென மங்கினாலோ அது குறியின் கோளாறன்று. அப்பொழுது நாடவேண்டியவர் கண் மருத்துவர்.

முன்குறி தெளிவாகவும் இலக்கு மங்கலாகவும் இருத்தல் வேண்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். துரோணர் வைத்த சோதனையில், மரத்தையும் கிளையையும் காணாது பறவையை மாத்திரமே கண்டதாகச் சொன்ன அருச்சுனன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது முரணாகவே தோன்றும். வில்லுக்கு அது பொருந்தியிருக்கலாம். இரும்புக் குறியிலோ, முன்குறி மயிரிழையளவு விலகினால் நூறு யாருக்கு அப்பால் அது அங்குலக் கணக்காகப் பெருகும். இலக்கின் விளிம்பு சற்றுக் கலங்கியிருந்தாலும் அதன் நடுவைக் கண் பிழையின்றி மதிப்பிட்டுக்கொள்ளும்.

எவ்வளவு பெருகும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். நூறு யாரென்பது 3,600 அங்குலம். குண்டு நான்கு அங்குலம் வலப்புறம் விலகுகிறதென்று கொள்வோம். குறிகளுக்கிடையே முப்பத்திரண்டு அங்குலம் உள்ள துப்பாக்கியில், நான்கை முப்பத்திரண்டாற் பெருக்கி 3,600ஆற் பிரித்தால் ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய இருபத்தெட்டில் ஒரு பங்கு வரும். அவ்வளவே குறியை நகர்த்தவேண்டும். பழைய லீ-என்பீல்ட்டில் அதே பிழைக்கு ஏறக்குறைய நாற்பத்தேழில் ஒரு பங்கு. குறுகிய துப்பாக்கியிற் கண் செய்யும் சிறு தவறுகூட எத்துணை பெரிதாகிறது என்பது இதனால் விளங்கும். நகர்த்தும் திசையையும் மறத்தலாகாது. பின்குறியைக் குண்டு செல்லவேண்டிய பக்கத்துக்கும், முன்குறியைக் குண்டு தவறிச் சென்ற பக்கத்துக்கும் நகர்த்தவேண்டும். 1917ஆம் ஆண்டு மாதிரியிற் பின்குறியைப் பக்கவாட்டில் அசைக்க வழியில்லை. ஆதலால் முன்குறியையே தட்டி நகர்த்த நேர்ந்தது. அதன் மடிந்த நிலைத் துளை நானூறு யாருக்கென அமைக்கப்பட்டிருந்தமையால், அண்மை இலக்கிற் குண்டு பல அங்குலம் உயரச் சென்றது. அதற்கேற்பத் தாழ்த்திக் குறிபார்க்கவேண்டியிருந்தது.

வயது சென்றவர்களின் குறி எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதற்குப் போட்டிக் களங்களிற் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் வழங்கப்படும் மன்னர் பரிசை ஆர்தர் பல்ற்றன் 1912இலும் 1926இலும் வென்று, 1931இல் நாற்பதைக் கடந்த வயதில் மூன்றாம் முறையும் வென்றார். சுவீடன் நாட்டு ஒஸ்கார் சுவான் 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில், ஓடும் மான் வடிவத்தைச் சுடும் போட்டியிற் தங்கப் பதக்கம் பெற்றபொழுது அறுபது வயதினர். 1920இல் அன்ற்வேப் நகரிற் குழுவோடு வெள்ளிப் பதக்கம் பெற்றபொழுது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

பிரித்தானிய முறைப்படைக்கும் ஈற்றிற் துளைக்குறி வந்தது. 1941 முதற் பெருந்தொகையாக ஆக்கப்பட்ட நான்காம் இலக்க லீ-என்பீல்ட்டின் பின்குறி பூட்டின் மேலே, கண்ணுக்கு அண்மையில் அமைந்தது. இலங்கைப் படையினரும் பின்னாளில் ஏந்திய துப்பாக்கி அதுவே. உள்நாட்டுக் காவற்படை 1944ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 3ஆம் திகதி கலைக்கப்பட்டது. இலண்டன் ஹைட் பார்க்கில் நடந்த இறுதி அணிவகுப்பின் மரியாதையை ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஏற்றார். அன்றிரவு அவர் வானொலி மூலம் தொண்டர்களுக்கு நன்றி கூறினார்.