அஞ்சல்தலைகளில் பரதநாட்டியம்

கொரியா தன் மரபுப் பீங்கான் குடுவைகளை அஞ்சல்தலைகளில் அச்சிட்டுப் பெருமை கொள்கிறது. சுதந்திர இந்தியா அந்த இடத்தை நடராசருக்குக் கொடுத்தது. 1949 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 16 தலைகள் கொண்ட தொல்லியல் வரிசையில், இரண்டணாத் தலையில் சிவப்பு மையில் ஆடவல்லான் நின்றார். ஆடலின் கடவுள் இப்படி வீடுவீடாகச் சென்றாலும், ஆடலுக்கு அஞ்சல்தலை கிடைக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின. 1975-இல் ஆறு செவ்வியல் நடனங்களுக்கான வரிசை வந்தது; 25 பைசாத் தலை பரதநாட்டியத்துக்கு. அதில் உள்ளது நடன வடிவம்தான், பெயர் சொல்லி வணங்கத்தக்க கலைஞர் அல்ல.

பரதநாட்டியக் கலைஞர்களில் முதலில் அஞ்சல்தலை பெற்றவர் ருக்மிணி தேவி (1904–1986). பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் அரங்கேறினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் அது திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1987-இல், அஞ்சல்தலை வெளியாயிற்று. பாடகி எம். எஸ். சுப்புலட்சுமிக்கும் காத்திருப்பு நீளவில்லை. 2004 டிசம்பரில் காலமானார்; 2005 டிசம்பரில் தலை வந்தது.

தஞ்சாவூர் பாலசரசுவதியின் (1918–1984) கதை வேறு. வீணை தனம்மாளின் பேத்தி; தலைமுறை தலைமுறையாக இசையும் ஆடலும் வாழ்ந்த தேவதாசி மரபுக் குடும்பம். 1947-இல் சென்னை மாகாணத்தின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அந்த மரபுப் பெண்களுக்குக் கோயில் வாசலும் மூடியது, மேடையும் அரிதாயிற்று. பாலா விடவில்லை. மியூசிக் அகாதெமியில் கற்பித்தார். அமர்ந்தபடியே ஒரு பதத்தின் ஒரே வரிக்குப் புதிது புதிதாக அபிநயம் பிடிப்பதில் அவருக்கு இணை இல்லை. 1973-இல் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் உரிய அந்த விருது நடனமணி ஒருவருக்குப் போனது பெரிய செய்தி. இத்தனை இருந்தும் அஞ்சல்தலை 2010-இல்தான், மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின், வந்தது. மரபைச் சுமந்தவருக்கு இவ்வளவு தாமதம் நேர்ந்தது அநியாயமே. அந்த வெளியீட்டில் பாலாவுடன் பாட்டி தனம்மாளும், நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் இடம்பெற்றனர்.