மரம் சொன்ன வயது

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று குழு நண்பர்கள் கேட்டார்கள். மன்னர்களையும் பட்டாபிஷேகங்களையும் விட்டுவிட்டு, ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் யார்க் என்றோர் ஊர். அங்கே கிராமப்புறத்தில், யார்க் ஆற்றை ஒட்டிய நிலத்தில், மெக்கின்டயர் காரிசன் என்ற காலனிக் காலத்து மரவீடு நிற்கிறது. மரவீடு என்றதும் உருட்டுக்கட்டைகளை அடுக்கிய குடிசை என்று நினைத்துவிடாதீர்கள். அறுத்துச் சதுரித்த கனத்த கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி செதுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். மாடி, கீழ்ச்சுவரைத் தாண்டிச் சற்றே வெளியே நீண்டிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, உறுதியான வேலை!

குடியிருக்கிற வீட்டுக்கு இத்தனை கனமான சுவர் எதற்கு? பயம்தான் காரணம். 1692 தொடக்கத்தில் அபெனாகி மக்கள் யார்க்கைத் தாக்கினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள், பலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் அபெனாகியர் பிரெஞ்சுப் பக்கம் நின்ற காலம் அது. ஆனால் அந்தக் காடும் ஆறும் முதலில் யாருடையவை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. கோட்டை போன்ற வீட்டைக் கட்டியவர்கள் வந்து குடியேறியவர்கள். எதிரே நின்றவர்கள் மண்ணின் மக்கள்.

இந்த வீடு 1640-களில் கட்டப்பட்டது என்று வெகுகாலம் நம்பினார்கள். அப்படியென்றால் 1692 தாக்குதலுக்குத் தப்பிய வீடு, ஊருக்குப் பெருமைதானே! 1968-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். ஆனால் கட்டைகளில் உள்ள வளையங்களை ஆராய்ந்தபோது கதை மாறிவிட்டது. நல்ல பருவத்தில் மரத்தின் வளையம் அகலமாகவும், மோசமான பருவத்தில் குறுகலாகவும் விழும். அந்த வரிசையை, வயது தெரிந்த மற்ற மரங்களின் வரிசையோடு பொருத்தினால் மரத்தை வெட்டிய ஆண்டு கிடைக்கும். கிடைத்த விடை 1707.

வயதில் அறுபது வருஷம் குறைந்ததால் வீட்டின் மதிப்பு குறைந்துவிட்டதா? இல்லீங்க. தாக்குதல் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள் அதை மறக்கவில்லை என்பதற்கு இந்தச் சுவர்களே சாட்சி. 1702 முதல் 1713 வரை மறுபடியும் போர் நடந்த நேரத்தில் எழுந்த வீடு இது. பழைய கதையைவிட உண்மைதான் நமக்கு அதிகம் சொல்லித்தருகிறது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். எந்தக் கட்டடத்துக்காவது யாராவது வயது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். வரலாற்றுப் படிப்பு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.