மேலே ஏற ஒரு கியர், கீழே இறங்க ஒரு கியர்

"மெனுவலா, ஆட்டோவா?" எங்களில் கார் பைத்தியம் பிடித்த நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. (முச்சக்கரவண்டியைச் சொல்லவில்லை, ஆட்டோ கியரைத்தான்.) இந்தச் சண்டையை யூடியூபில் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டோம். ஆனால் இதற்குச் சொந்தமான இடம் நம்ம ஊரிலேயே இருக்கிறது.

சித்திரையில் நுவரெலியா சீசனோடு நடக்கிற மாகஸ்தோட்டை ஹில் கிளைம்ப் 1934இல் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே ஏறுகிற ரோட்டில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். அடியிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை செக்கன் என்பதுதான் போட்டி. அந்தக் காலத்தில் ஓட்டினவர்கள் துரைமாரும் கொழும்பு வசதிக்காரர்களும். மலையகத்து ரோடுகளை வெட்டிய கூலிகளின் பிள்ளைகள் கொழுந்துச் செடிப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிற இடத்தில்தான் இருந்தார்கள். 1948 வந்தபோது அவர்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையே இல்லாமல் போனது. பந்தய வரலாறு எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. நாங்கள் எழுதுகிறோம்.

சரி, கியருக்கு வருவோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இங்கே கடற்கரையில் கிடைக்கிற சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். சரியான நேரத்தில் சரியான கியருக்கு இறங்காவிட்டால் போச்சு. அன்றைய பல கார்களில் சின்க்ரோமெஷ் கூட முழுசாக இல்லை. கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரைத் தட்டி, பல்லோடு பல் பொருந்தும் கணத்தைக் காதால் பிடிக்க வேண்டும்.

அதே 1934இல் இங்கிலாந்தில் ஈ.ஆர்.ஏ. என்ற பந்தயக் கார் வந்தது. அதில் வில்சன் கியர்பாக்ஸ். அடுத்த கியரை முன்கூட்டியே லீவரில் தேர்ந்து வைக்கலாம், வேண்டியபோது பெடலை மிதித்தால் போதும். கையை நம்புவதா, பொறியை நம்புவதா என்ற கேள்விக்கு அத்தனை வயசு. 1989இல் நைஜல் மான்செல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பட்டையைத் தட்டிக் கியர் மாற்றியே பெராரியில் பிரேசில் பந்தயத்தை வென்றார். 2003இல் கோல்ப் ஆர்32, இரண்டு கிளட்ச் வைத்த கியர்பாக்ஸைச் சாதாரண ரோட்டுக்குக் கொண்டுவந்தது. ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படை இன்னொன்றில். இரண்டாம் கியர் ஓடும்போதே மூன்றாவது தயாராக நிற்கும். மனிதக் கால் இதை ஜெயிக்க முடியாது. செக்கன்தான் கணக்கு என்றால் வாதம் முடிந்தது.

ஆனாலும் போர்ஷே 2013இல் 911 ஜிடி3-ஐ ஆட்டோவாக மட்டும் விற்றுப் பார்த்துவிட்டு, 2017இல் மெனுவலைத் திரும்பக் கொடுத்தது. வேகத்துக்காக இல்லை. ஓட்டுகிறவனுக்கு வேலை வேண்டுமாம்! எங்களுக்கு அது புரிகிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

ஆனால் ஹில் கிளைம்ப் ஏறுவதை மட்டும்தான் அளக்கிறது. நம்ம சனத்துக்குப் பயம் இறக்கத்தில். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் செத்தார்கள். அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் நாடே கேட்டது. ஹட்டன் பக்கத்து லொறி டிரைவர்மாருக்கு அது பழைய பாடம்: ஏறின கியரிலேயே இறங்கு. சிறிய கியரில் சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருப்பதால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, எண்ணெய் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

இப்போது றம்பொடையில் இறங்குகிற கார்களில் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வந்த ஆட்டோக்கள் போலத்தான் தெரிகிறது. வளைவுக்கு வளைவு பிரேக் கருகின வாசம். லீவர் 'டி'யிலேயே கிடக்கும். ஆட்டோவில் ஓட்டப் பழகினவர்களுக்கு 'எல்' எதற்கு என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மெனுவல்காரர்கள் நக்கலடிப்பது இங்கேதான் கொஞ்சம் நியாயம். ஆனால் குற்றம் கியர்பாக்ஸில் இல்லை. பிரியஸ், அக்குவா லீவரில் 'பி' என்று ஒரு எழுத்து இருக்கிறது. சாதாரணமாக ஹைபிரிட் கார் இறக்கத்தில் பற்றரியைச் சார்ஜ் செய்தபடியே வேகத்தைப் பிடிக்கும். நீள இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அந்தப் பிடி தளரும். 'பி'யில் போட்டால் எஞ்சின் சுற்றி வண்டியை இழுத்துப் பிடிக்கும், லொறிக்காரர் இரண்டாம் கியரில் இறங்குகிற மாதிரி. கொஞ்சம் இரைச்சல் போடும், பயப்பட வேண்டாம்.