எகிப்து பட்ட கடன்

நான் கல்லூரியில் பயின்ற நாளில், எகிப்தை ஆண்ட கெடிவ் இஸ்மாயிலைப் பற்றித் தேர்வில் ஒரு வினா வந்தது. “ஊதாரி மன்னர், நாட்டைக் கடனில் மூழ்கடித்தார்” என்று எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். பின்னாளில் கணக்குகளைப் புரட்டியபோது, அவ்விடை பாதியளவே சரியென்று தெரிந்தது. விடுபட்ட பாதியைத்தான் இன்று கூற விழைகிறேன்.

இஸ்மாயில் 1863இல் பட்டத்துக்கு வந்தார். அப்பொழுது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பருத்தி வாராமையால், இங்கிலாந்தின் ஆலைகள் எகிப்தின் பஞ்சை மிகுந்த விலை கொடுத்து வாங்கின. அவ்வருவாயை நம்பி மன்னர் பாசனக் கால்வாய்களும், இருப்புப்பாதைகளும், தந்திக் கம்பிகளும், பள்ளிகளும் அமைக்கலானார். இவற்றை வீண் செலவென்று யார் சொல்வார்? 1869இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவில் நடந்த கோலாகலம் வேறு. அதற்கு நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் 1865இலேயே போர் முடிந்து, பஞ்சின் விலை சரிந்துவிட்டது. போரினால் ஏறிய விலையை என்றும் நிற்கும் விலையாக எண்ணிப் போட்ட திட்டங்களுக்கு இனிக் கடன்தான் வழி.

அக்கடன் எத்தகையது? 1873இல் 3 கோடியே 20 லட்சம் பவுனுக்குப் பத்திரம் எழுதித் தரப்பட்டது. எகிப்தின் கைக்கு எட்டியதோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. வட்டி மட்டும் முழுத் தொகைக்கும்! வந்த பணமும் புதுக் கால்வாய் வெட்டப் போகவில்லை; பெரும்பாலும் பழைய கடனை அடைக்கவே போயிற்று. கால்வாய் பலன் தரப் பல்லாண்டு வேண்டும். கடன் கொடுத்தவர் அதுவரை காத்திருப்பாரா?

இதற்கு முன்பே, 1871இல், ‘முகாபலா’ என்றொரு சட்டம் பிறந்திருந்தது. நிலமுடையோர் ஆறாண்டு வரியை முன்னதாகவே செலுத்திவிட்டால், அந்நிலத்துக்கு என்றென்றைக்கும் பாதி வரி தள்ளுபடி. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா அமர்ந்திருந்தேன். பேரன் காலத்து வருவாயை அல்லவா இன்றைய வட்டிக்கு விற்றுவிட்டார்கள்! 1880இல் அச்சட்டமும் நீக்கப்பட்டது. பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்த ஈடு சொற்பமே.

1875இல் சூயஸ் கால்வாய்க் கம்பெனியில் எகிப்துக்கிருந்த 44 சதவீதப் பங்குகளை, ஏறத்தாழ 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் அரசு வாங்கிக்கொண்டது. அப்பங்குகளின் ஆதாயத்தை 1894 வரை மன்னர் முன்னரே விட்டுக்கொடுத்திருந்தார். ஆதலால் அதுவரை ஆண்டுக்கு 5 சதவீத வட்டியை எகிப்தே பிரிட்டனுக்குக் கட்டவேண்டியதாயிற்று. விற்றவர் வாங்கியவருக்கு வட்டி கட்டிய விந்தை இது.

1876 ஏப்ரலில் தவணைகள் நிறுத்தப்பட்டன. 1863இல் ஏறத்தாழ 30 லட்சம் பவுனாயிருந்த கடன், அப்பொழுது 9 கோடியைத் தாண்டியிருந்தது. மே மாதம் ஐரோப்பியர் அடங்கிய கடன் ஆணையம் அமைந்தது. கடனுக்கென ஒதுக்கிய வரிப்பணம் நேரே அதன் பெட்டிக்கே செல்லும். ஆண்டிறுதிக்குள், வரவுக்கு ஓர் ஆங்கிலேயரும் செலவுக்கு ஒரு பிரெஞ்சுக்காரரும் கண்காணிப்பாளராயினர்.

1877இல் நைலின் வெள்ளம் குறைந்தது. மறு ஆண்டு மேல் எகிப்தில் பஞ்சம். உழவர் மடிந்தனர். ஆயினும் 1878 மே மாதத் தவணை குறைவின்றிக் கட்டப்பட்டது. அதற்காக அறுவடைக்கு முன்பே விளைச்சல் விலைபோயிற்று. கடனைத் தாங்க முடியுமா என்பதை லண்டனிலும் பாரிஸிலும் பத்திரத்தின் விலையைக் கொண்டு அளந்தார்கள். உழவனின் களஞ்சியத்தை எட்டிப் பார்த்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1879இல் துருக்கிச் சுல்தான், ஐரோப்பிய வல்லரசுகளின் வற்புறுத்தலால், இஸ்மாயிலைப் பதவியிலிருந்து நீக்கினார். அந்நியர் பிடியை எதிர்த்துக் கர்னல் உராபியின் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. 1882 ஜூலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவைக் குண்டு வீசித் தாக்கின. செப்டம்பருக்குள் நாடே அவர்கள் வசமாயிற்று. இந்திய வைசிராயின் அந்தரங்கச் செயலாளராயிருந்து, பின்னர் அக்கடன் ஆணையத்தில் அமர்ந்த ஈவ்லின் பேரிங், 1883 முதல் 1907 வரை எகிப்தின் உண்மை ஆட்சியாளராக விளங்கினார்.

இஸ்மாயில் 1895இல் கான்ஸ்டாண்டிநோபிளில் காலமானார். கடன் ஆணையம் அவருக்குப் பின்னும் 45 ஆண்டுகள் இருந்து, 1940இல்தான் கலைக்கப்பட்டது.