பைத்தானுக்கு அடியில் ஓடும் ஃபோர்ட்ரான்

போன பருவத்தில் ஒரு ப்ராஜெக்டுக்காக நூறு மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. பைத்தானில் ஒரே வரி. எண்டர் தட்டுவதற்குள் விடை வந்து நிற்கிறது. அந்த வரி உள்ளே என்னதான் செய்கிறது என்று தோண்டிப் பார்த்தால், பைத்தான் அங்கே கணக்கே போடவில்லை! டிஜிஈஎஸ்வி என்று ஒரு சப்ரூட்டினைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அது 1992ல் வெளியான லேபேக் என்ற ஃபோர்ட்ரான் நூலகத்தைச் சேர்ந்தது. பெயர் ஏன் இப்படி வாயில் நுழையாமல் இருக்கிறது என்றால், ஃபோர்ட்ரான் 77ல் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் அனுமதி இல்லை. டி என்றால் இரட்டைத் துல்லியம், ஜிஈ என்றால் பொதுவான அணி, எஸ்வி என்றால் தீர்வு. அவ்வளவுதான்.

இந்தக் கதை லேபேக்குக்கும் முந்தையது. 1971ல் வில்கின்சனும் ரைன்ஷும் அணிக் கணக்குகளுக்கான ஆல்கால் நிரல்களைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்த ஐகன் மதிப்பு நிரல்களை அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஃபோர்ட்ரானுக்கு மாற்றினார்கள். அதுதான் ஐஸ்பேக். அடுத்து சமன்பாடுகளுக்காக லின்பேக் வந்தது. அதன் கையேடு 1979ல் வெளியானது. டொங்காரா, பஞ்ச், மோலர், ஸ்டூவர்ட் என்று நான்கு பேர் அதை எழுதினார்கள்.

இந்த நால்வரில் க்ளீவ் மோலர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வாத்தியாராகவும் இருந்தார். தான் பங்கெடுத்துச் செய்த நூலகங்களைத் தன் மாணவர்களே பயன்படுத்த முடியவில்லை என்பது அவருடைய தலைவலி. ஒரு சின்ன அணியைப் பெருக்கிப் பார்க்கவும் ஃபோர்ட்ரான் நிரல் எழுதி, கம்பைல் செய்து, இணைத்து ஓட்ட வேண்டும். பாடம் கணக்கு, நேரம் போவதோ ஃபோர்ட்ரானில். அதனால் 1970களின் கடைசியில் ஒரு எளிய கருவி எழுதினார். மாணவன் ஒரு வரி தட்டினால், அது பின்னால் லின்பேக்கையும் ஐஸ்பேக்கையும் அழைத்து விடை சொல்லும். அதுதான் முதல் மேட்லேப். அதில் வரைபடம் கிடையாது, நீங்களாக நிரல் எழுதிச் சேர்க்கவும் முடியாது. ஒரு புதுச் செயல்பாடு வேண்டுமென்றால் மூலநிரலை வாங்கித் திருத்தி, முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இருந்தாலும் மாணவனுக்கும் நூலகத்துக்கும் நடுவில் ஒரு கதவு திறந்துவிட்டது.

1984ல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கியபோது மேட்லேபை சி மொழியில் திரும்ப எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், 2000ல் வந்த ஆறாவது பதிப்பில் அணிக் கணக்குக்கு மறுபடி ஃபோர்ட்ரான் நூலகமான லேபேக்கிடமே போய் நின்றார்கள் :)

பைத்தான் பக்கம் இதே வேலையை 1995ல் ஜிம் ஹுகுனின் தொடங்கிய நியூமெரிக் ஆரம்பித்து வைத்தது. ஆனால் எனக்குப் பிடித்தது எஃப்2பை. எஸ்தோனியாக்காரர் பேரு பீட்டர்சன் 1999ல் தொடங்கியது. ஃபோர்ட்ரான் மூலநிரலைப் படித்து, ஒவ்வொரு சப்ரூட்டினும் என்ன கேட்கிறது என்று கண்டுபிடித்து, நடுவில் நிற்க வேண்டிய சி நிரலை அதுவே எழுதிக்கொடுக்கும். 2001ல் சைபை பிறந்தபோது பழைய ஃபோர்ட்ரான் குவியலை உள்ளே இழுத்துவர இந்தக் கருவிதான் கைகொடுத்தது. 2006ல் நம்பை 1.0 வந்தது. அதே வருடம் பைத்தான் 2.5ல் சி-டைப்ஸும் சேர்ந்தது. இதற்கு கம்பைலரே தேவையில்லை, நூலகக் கோப்பைத் திறந்து நேரடியாகவே கூப்பிடலாம்.

அங்கேதான் நான் மாட்டினேன். ஆர்வக்கோளாறில் டிஜிஈஎஸ்வியை சி-டைப்ஸ் வழியே நானே அழைத்துப் பார்த்தேன். முதலில் பெயர் கிடைக்கவில்லை. பல கம்பைலர்கள் ஃபோர்ட்ரான் பெயரின் வாலில் ஓர் அடிக்கோடு சேர்ப்பது தெரிய அரை நாள் ஆனது. பிறகு நிரல் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் செத்து விழுந்தது. ஃபோர்ட்ரான் மதிப்பை அல்ல, அது இருக்கும் முகவரியைத்தான் எதிர்பார்க்கும். நானோ 3 என்ற எண்ணை அப்படியே கொடுத்திருந்தேன். அதையும் சரிசெய்தேன். மூன்றுக்கு மூன்று அணியில் சோதித்தால் சரியான விடை! அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ப்ராஜெக்ட் அணியைக் கொடுத்தால் விடை முழுக்கத் தப்பு. பிழைச்செய்தியும் இல்லை. இரண்டு இரவு போனது. (பாடப்புத்தகத்தில் நிரை, நிரல் என்பார்கள்; நிரல் என்றால் புரோகிராமும்தான், அதனால் கிடைவரிசை, நெடுவரிசை என்றே சொல்கிறேன்.) நம்பை அணியைக் கிடைவரிசை கிடைவரிசையாக நினைவகத்தில் அடுக்குகிறது, ஃபோர்ட்ரான் நெடுவரிசை நெடுவரிசையாகப் படிக்கிறது. ஆக நான் கொடுத்த அணி அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது இடம் மாறிய அணியாகிவிட்டது. சோதனைக்கு நான் எடுத்த அணி சமச்சீர் அணி. திருப்பிப் போட்டாலும் அதேதான்!

எஃப்2பை இதையெல்லாம் நமக்குத் தெரியாமலே கவனித்துக்கொள்கிறது: தேவைப்பட்டால் நகல் எடுத்து, நெடுவரிசையாக அடுக்கி, முகவரியாகக் கொடுக்கிறது. இப்போது அந்தக் கதையும் மாறி வருகிறது. ஃபோர்ட்ரான் கம்பைலரை எல்லாக் கணினியிலும் ஓட வைப்பது பெரும்பாடு, முக்கியமாக விண்டோஸில். பழைய ஃபோர்ட்ரான் 77 நிரலைப் பராமரிக்க ஆளும் குறைவு. அதனால் சில வருடங்களாக சைபை குழுவினர் தங்களிடமுள்ள அந்த நிரல்களை ஒவ்வொன்றாக வேறு மொழிகளில் திரும்ப எழுதி வருகிறார்கள். லேபேக்கை மட்டும் இன்னமும் வெளியிலிருந்துதான் அழைக்கிறார்கள்.